பனிமலையும் வெயிற்கரையும்
உழைப்பாளர் குடும்பத்துக்குக் குளிர்கால ஓய்வு கிட்டிய கதை

ஐரோப்பாவின் வடபகுதியில் வாழும் மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலம் நடுவை எட்டும்போது, தாய் தந்தையர் தம் மக்களை அழைத்துக்கொண்டு ஒரு வாரம் ஊரைவிட்டுப் புறப்படுகின்றனர். ஒரு சாரார் மலைமேல் ஏறி, வெண்பனி மூடிய சரிவுகளில் கட்டைகளைக் காலில் பூட்டிச் சறுக்கி விளையாடுகின்றனர். மற்றொரு சாரார் தெற்கே, வெயில் காயும் தீவுகளுக்குச் சென்று கடற்கரை மணலில் அமர்கின்றனர்.

இது செல்வர் வீட்டுச் செய்தி, தறியையும் ஏரையும் நம்பிப் பிழைக்கும் நமக்கு இதனால் ஆவது என்ன என்று நம் அங்கத்தினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இவ்வழக்கம் செல்வரிடம் பிறந்தது உண்மை. ஆனால் ஆலைத் தொழிலாளி, ரயில்வே ஊழியர், கடைச் சிப்பந்தி ஆகியோரின் குடும்பங்களை அது எட்டிய வரலாற்றில் சட்டத்துக்குப் பங்கு உண்டு; தொழிற்சங்கத்துக்குப் பங்கு உண்டு; கூட்டுறவுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆதலின் அவ்வரலாற்றை இங்கே சற்று விரிவாகக் கூற விழைகிறோம்.

குளிர்காலம் என்னும் சிறை

முதலில் அந்நாடுகளின் குளிர்காலம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். ஸ்வீடன் தேசத்துத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதத்தில் பகற்பொழுது ஏறத்தாழ 6 மணி நேரமே. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குச் சென்று இருட்டிலேயே வீடு திரும்புகின்றனர். நார்வேயின் வடகோடியிலுள்ள திரோம்சோ நகரிலோ நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. நிலம் உறைந்து கிடக்கும். பயிர் செய்ய இயலாது. கால்நடைகளைக் கொட்டிலில் அடைத்து, கோடையில் அறுத்துச் சேர்த்த உலர்புல்லைக் கொண்டு காப்பாற்ற வேண்டும்.

வயல் வேலை இல்லையென்றால் உழவனுக்கு ஓய்வு என்று கொள்ளலாகாது. மலைநாட்டு உழவர் குளிர்காலத்தில் மரம் வெட்டினர், கருவிகளைப் பழுதுபார்த்தனர், நெய்தனர். கிழக்கு ஸ்விட்ஸர்லாந்திலுள்ள அப்பென்செல் பகுதியின் பழைய பண்ணை வீடுகளைப் பார்ப்போர், தரைமட்டத்துக்குக் கீழே சிறு சாளரங்களோடு கூடிய நிலவறை இருப்பதைக் காணலாம். அது தறி போடுவதற்கென்றே கட்டப்பட்டது. நிலவறையின் ஈரப்பதம் நூலை அறுந்துபோகாமல் காத்தது. மேலே மாடும் புல்லும்; கீழே தறியும் நூலும். உழவும் நெசவும் ஒரே குடும்பத்தின் இரு கைகளாக இருந்த அந்த ஊர்களைப் பற்றிப் படிக்கும்போது நம் வாசகர்களுக்கு அவை அந்நியமாகத் தோன்றமாட்டா. அவர்களுக்குக் குளிர்காலம் வேறொரு வேலைக்காலமாக இருந்தது. உல்லாசம் என்பது அதில் சிறிதும் இல்லை.

செல்வர் வீட்டு விளையாட்டு

குளிர்காலத்தில் மலைக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். செயின்ட் மோரிட்ஸ் என்னும் ஊரில் விடுதி நடத்திவந்த யோஹான்னஸ் பாட்ருட் என்பவர், 1864ஆம் ஆண்டில் தம் விடுதியில் கோடைகாலம் கழித்த ஆங்கிலேய விருந்தினரிடம் ஒரு பந்தயம் கட்டினார் என்று வழிவழியாகக் கூறுவர். "குளிர்காலத்திலும் எங்கள் மலையில் இனிய வெயில் உண்டு. வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பிரயாணச் செலவை நானே தருகிறேன்" என்பது பந்தயத்தின் சாரம். வந்தவர்கள் ஈஸ்டர் திருநாள்வரை தங்கிவிட்டனராம்.

இதே காலத்தில், அருகிலுள்ள தாவோஸ் பள்ளத்தாக்கில் அலெக்ஸாண்டர் ஸ்பெங்லர் என்னும் மருத்துவர், மலைக்காற்று நுரையீரல் நோயாளிகளுக்கு நலம் தருவதைக் கண்டு உலகுக்குக் கூறினார். 1865ஆம் ஆண்டில் முதல் நோயாளிகள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வந்தனர். இவ்வாறு ஒரு பக்கம் நோயாளிகள், மறுபக்கம் உல்லாசப் பிரயாணிகள் என இரு திறத்தாரும் பனிமலைக்கு வந்தனர். இரு திறத்தாருமே வசதி படைத்தவர்கள்.

பனிச்சறுக்குக் கட்டை மட்டும் ஏழை வீட்டில் பிறந்தது. நீண்டு மெலிந்த இரு மரப்பட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு பனியில் புதையாமல் நடப்பது நார்வே முதலிய வடநாட்டு உழவர்களின் பண்டைய வழக்கம். 'ஸ்கீ' என்று உலகமெங்கும் வழங்கும் சொல்லே, பிளந்த மரத்துண்டு எனப் பொருள்படும் பழைய வடநாட்டுச் சொல்லின் வழிவந்தது. நார்வேயின் டெலிமார்க் பகுதியில் சிறு குத்தகைக் குடியில் பிறந்த சோண்ட்ரே நோர்ஹைம் என்பவர், கட்டையோடு குதிகாலையும் பிணைக்கும் கட்டு ஒன்றை அமைத்து, சரிவில் திரும்பவும் குதிக்கவும் வழி கண்டார். விளையாட்டு உலகம் இன்று அவரைப் போற்றுகிறது. அவரோ பிழைப்பு நாடி 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர நேர்ந்தது.

சரிவில் இறங்க ஒரு நிமிஷம் போதும். மேலே ஏற ஒரு மணி நேரம் வேண்டும். இக்குறையைப் போக்க, எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் என்னும் எஞ்ஜினியர் 1934ஆம் ஆண்டு டிசம்பரில் தாவோஸில் ஓர் இழுவைக் கம்பியை அமைத்தார். ஓடும் கம்பியிலிருந்து தொங்கும் கொக்கி சறுக்குவோரைப் பின்னிருந்து தள்ளி மேலே கொண்டு சேர்த்தது. அதற்குப் பிறகு குழந்தைகளும் வயதானவர்களும்கூட ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்க முடிந்தது. குடும்பம் முழுவதும் கூடி விளையாடத்தக்க ஒன்றாகச் சறுக்கு மாறியது. ஆயினும் இருந்தது ஒரு தடை: உழைப்பவனுக்கு விடுமுறை ஏது?

கூலியோடு கூடிய விடுமுறை

வேலை செய்யாத நாளுக்குக் கூலி இல்லை என்பதே நெடுங்கால வழக்கம். கூலியில்லாத ஓய்வு ஓய்வாகாது, அது பட்டினி. ஆகவே விடுமுறைக்கும் கூலி வேண்டும் என்ற கோரிக்கை தொழிலாளரிடையே எழுந்தது. 1936ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் முக்கியமானது. அவ்வாண்டில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம், ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளிக்குக் குறைந்தது 6 வேலை நாள் கூலியோடு விடுமுறை தரவேண்டும் என்று உடன்படிக்கை வகுத்தது. அதே ஆண்டில் பிரான்ஸ் தேசம் 2 வார விடுமுறையைச் சட்டமாக்கியது. விடுமுறையில் செல்லும் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 40 பங்கு குறைத்துத் தனிச் சீட்டும் வழங்கியது. கடலையே கண்டிராத குடும்பங்கள் பல அக்கோடையில் முதன்முறையாகக் கடலைக் கண்டன.

ஸ்வீடன் 1938ஆம் ஆண்டில் 2 வாரம் என்று தொடங்கி, 1951இல் 3 வாரம், 1963இல் 4 வாரம், 1978இல் 5 வாரம் எனப் படிப்படியாக உயர்த்தியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2 வாரமே கிடைத்தவன் அதனைக் கோடையிலேயே செலவழித்துவிடுவான். நாலாவது வாரமும் ஐந்தாவது வாரமும் கிடைத்த பின்னரே குளிர்காலத்துக்கென ஒரு வாரத்தை ஒதுக்க இயன்றது. குளிர்கால விடுமுறை என்பது இந்த மிகுதி வாரங்களின் விளைச்சலே.

விடுமுறை கூடிக்கொண்டே போவதுதான் நன்மை என்று அந்நாட்டு மக்கள் அனைவரும் கருதினார்கள் என்றும் சொல்ல முடியாது. ஸ்விட்ஸர்லாந்தில் 1984 முதல் 4 வாரம் சட்டப்படி உண்டு. அதை 6 வாரமாக உயர்த்தலாமா என்று 2012ஆம் ஆண்டு மார்ச்சில் மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு நடந்தபோது, வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினர் வேண்டாம் என்றே கூறினர். சிறு தொழில்கள் தாங்கா என்ற எண்ணம் அவர்களிடையே மிகுந்திருந்தது. ஓய்வின் அளவையும் தொழிலின் வலிமையையும் சீர்தூக்கிப் பார்க்கும் உரிமை மக்களிடமே இருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

முத்திரை ஒட்டிச் சேர்த்த விடுமுறை

நாள் கிடைத்துவிட்டது, பணம்? மாதக் கூலி வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகிவிடும் வீட்டில் பிரயாணத்துக்கு எதை எடுத்து வைப்பது? இவ்விடத்தில்தான் கூட்டுறவு துணை வந்தது.

1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில் ஸ்விட்ஸர்லாந்தின் விடுதிகள் ஆளின்றிக் கிடந்தன. 1935ஆம் ஆண்டில் காட்லீப் டுட்வைலர் என்னும் வணிகப் பெருமகன் 'ஹோட்டல் பிளான்' என்ற ஸ்தாபனத்தைக் கூட்டுறவு அமைப்பாகத் தொடங்கினார். ரயில், அறை, உணவு அனைத்துக்கும் சேர்த்து ஒரே சிறு தொகை. சிறிய வருவாய் உடையோரும் செலுத்தத்தக்க தொகை. வெற்று அறைகளும் நிறைந்தன. வெளியூர் காணாத குடும்பங்களும் பயன் பெற்றன. பின்னர் 1941இல் டுட்வைலர் தம்முடைய 'மிக்ரோஸ்' பலசரக்கு வணிகத்தையும் கூட்டுறவாக மாற்றினார் என்பது நம் அங்கத்தினர்கள் அறிய வேண்டிய செய்தி.

1939ஆம் ஆண்டில் தலைநகரான பெர்னில் மற்றொரு கூட்டுறவு பிறந்தது. 'ரேக்கா' என்று சுருக்கமாக வழங்கும் அதன் பொருள், பிரயாண நிதி என்பதாகும். தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், ரயில்வே, விடுதியாளர் ஆகிய பல தரப்பினரும் அதில் சேர்ந்தனர். அதன் முறை மிக எளியது. தொழிலாளி அவ்வப்போது கையில் மிஞ்சும் சிறு காசுக்குச் சேமிப்பு முத்திரை வாங்குவான். முத்திரையின் முகமதிப்பைவிட அவன் கொடுக்கும் விலை குறைவு. குறையும் பங்கை முதலாளியோ சங்கமோ ஏற்றுக்கொள்ளும். சேர்ந்த முத்திரையை ரயில் நிலையத்திலும் விடுதியிலும் பணமாகவே ஏற்பர். பின்னாளில் முத்திரைக்குப் பதில் சீட்டும், இக்காலத்தில் மின் அட்டையும் வந்துள்ளன, கொள்கை மாறவில்லை.

ரேக்கா அத்துடன் நிற்கவில்லை. 1950ஆம் ஆண்டுகளில் லுகானோ நகருக்கு மேலேயுள்ள அல்போனாகோவில் குடும்பங்களுக்கென்றே ஒரு விடுமுறைக் குடியிருப்பை அமைத்தது. விடுதிச் சாப்பாட்டுச் செலவைத் தாங்க இயலாத குடும்பம், தானே சமைத்துக்கொள்ளச் சமையலறையுடன் கூடிய சிறு வீடு. பிள்ளைகள் விளையாடப் பொதுவிடம். தாய்மார் சற்றே இளைப்பாறப் பிள்ளைகளைக் கவனிக்கும் ஏற்பாடு. பின்னர் இத்தகைய குடியிருப்புக்கள் பனிமலைப் பகுதிகளிலும் எழுந்தன. வருவாய் மிகக் குறைந்த குடும்பங்களுக்கும், தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய் தந்தையருக்கும் பெயரளவான தொகைக்கு ஒரு வார இடம் தரும் திட்டமும் அதனிடம் உண்டு.

இவ்விரு ஸ்தாபனங்களின் பிற்கால வரலாற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். ஹோட்டல் பிளான் நாளடைவில் பெரிய பிரயாண வணிகமாக வளர்ந்தது. மிக்ரோஸ் அதனை விற்றுவிடுவது என்று அண்மையில் முடிவு செய்தது. ரேக்கா இன்றும் கூட்டுறவாகவே நிற்கிறது. பெரிதாக வளர்வதா, வகுத்துக்கொண்ட நோக்கத்தில் நிலைத்து நிற்பதா என்ற கேள்வி சிறிதோ பெரிதோ எல்லாக் கூட்டுறவுகளின் முன்னும் ஒரு நாள் வந்து நிற்கும்.

கரி மிச்சப்படுத்தப் பிறந்த விளையாட்டு வாரம்

பெற்றோருக்கு விடுமுறை இருந்தாலும் பிள்ளைக்குப் பள்ளி இருந்தால் குடும்பம் புறப்பட முடியாது. ஸ்வீடன் தேசத்துப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை வந்த விதம் விந்தையானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940ஆம் ஆண்டில், பள்ளிகளைச் சூடேற்றும் கரிக்குத் தட்டுப்பாடு வந்தது. பிப்ரவரிக் குளிரில் ஒரு வாரம் பள்ளிகளை மூடினால் கரி மிச்சமாகும் என்று அரசு முடிவு செய்தது. மூடிய பள்ளியின் பிள்ளைகள் தெருவில் திரியாதிருக்க, பனிச்சறுக்கும் பிற விளையாட்டுக்களும் ஏற்பாடு செய்யப்பட்டன. போர் முடிந்தது, கரி வந்தது, விடுமுறை மட்டும் போகவில்லை. 'விளையாட்டு விடுமுறை' என்ற பெயரில் இன்றும் அது உண்டு. எல்லோரும் ஒரே வாரத்தில் மலைக்குத் திரண்டால் ரயிலும் விடுதியும் தாங்கா என்பதால், பகுதிக்குப் பகுதி வாரத்தை மாற்றி வைத்துள்ளனர். பிரான்ஸ் தேசமும் இவ்வாறே நாட்டை மூன்று வட்டாரங்களாகப் பிரித்துப் பள்ளி விடுமுறையை முன்பின்னாக அமைத்துள்ளது.

பெற்றோரால் அழைத்துச் செல்ல இயலாத பிள்ளைகளையும் அந்நாடுகள் மறந்துவிடவில்லை. ஸ்விட்ஸர்லாந்தின் பனிச்சறுக்குச் சங்கம் 1941 முதல் இளைஞர் முகாம் ஒன்றை நடத்திவருகிறது. நாடெங்குமிருந்து சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்படும் 600 அளவிலான சிறுவர் சிறுமியர், இலவசமாகவோ மிகச் சிறு கட்டணத்திலோ ஒரு வாரம் மலையில் தங்கிச் சறுக்குப் பழகுகின்றனர். நான்கு மொழி பேசும் அந்நாட்டில், ஒருவர் மொழி ஒருவர் அறியாப் பிள்ளைகள் ஒரே அறையில் தங்கி நட்புக் கொள்கின்றனர். பிரான்ஸில் 1953ஆம் ஆண்டில் பாரிஸை அடுத்த வான்வ் என்னும் ஊரின் பள்ளி வகுப்பு ஒன்று, ஆசிரியரோடும் புத்தகத்தோடும் சவாய் மலைக்குச் சென்றது. காலையில் பாடம், பிற்பகலில் பனி விளையாட்டு. 'பனி வகுப்பு' என்ற அம்முறை பிறகு நாடு முழுவதும் பரவிற்று.

வெயிலைத் தேடி

பனியைத் தேடிச் செல்வோர் ஒருபுறம் இருக்க, இருட்டுக்கும் குளிருக்கும் சலித்தவர் வெயிலைத் தேடினர். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையை ஒட்டி, ஸ்பெயின் தேசத்துக்கு உரிய கேனரித் தீவுகள் உள்ளன. கடலின் குளிர்நீரோட்டமும் வணிகக் காற்றும் வெம்மையைத் தணிப்பதால் அங்கே கோடையும் கொடியதன்று, குளிர்காலமும் கொடியதன்று. ஜனவரியிலும் கரையோரங்களில் பகலில் 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய இதமான வெப்பம் நிலவும்.

1957ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்வீடனிலிருந்து 54 பிரயாணிகளோடு ஒரு தனி விமானம் கிரான் கனேரியா தீவில் இறங்கியது. குழுவாகச் சேர்ந்து விமானத்தை முழுவதுமாக வாடகைக்கு அமர்த்திக்கொள்வதால் தலைக்குச் செலவு குறைந்தது. 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கடற்கரை, நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டிற்று. அடுத்த சில ஆண்டுகளில் விமானங்கள் பெருகின. 1961ஆம் ஆண்டில் அத்தீவின் தென்கோடியிலுள்ள மாஸ்பலோமாஸ் மணற்குன்றுகளை ஒட்டி ஒரு புதிய நகரம் அமைக்கச் சர்வதேசத் திட்டப் போட்டியே நடத்தினர்.

அந்த நிலம் அதற்குமுன் யாருடையது, அதில் என்ன விளைந்தது என்று விவசாயிகளான நம் அங்கத்தினர்கள் கேட்பார்கள். பெருநிலக்கிழாருக்கு உரிய அந்நிலத்தில் வாரக் குடியானவர்கள் தக்காளி பயிரிட்டு வந்தனர். தக்காளியும் குளிர்காலத்தில் வடநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பயிரே. முன்பு வெயிலில் விளைந்த தக்காளி வடக்கே போயிற்று. பிறகு வடக்கத்தியார் வெயிலைத் தேடித் தாமே வந்தனர். குடியானவரின் மக்கள் விடுதிகளில் ஊழியராயினர். கூலி ஒழுங்காகக் கிடைத்தது. ஆனால் உழுதொழில் கைநழுவிற்று.

அருகிலுள்ள லான்ஸரோட்டே தீவில் வேறொரு வழி கண்டனர். 1730 முதல் 1736 வரை எரிமலை கக்கிய சாம்பல் அத்தீவின் நல்ல நிலங்களை மூடிவிட்டது. உழவர் மனம் தளரவில்லை. சாம்பலில் பள்ளம் தோண்டி, அடிமண்ணை எட்டி, பள்ளத்துக்கு ஒரு திராட்சைக் கொடி நட்டு, காற்றுப்புறத்தில் அரைவட்டக் கற்சுவர் எழுப்பினர். இரவின் ஈரத்தைச் சாம்பல் உறிஞ்சிக் கொடிக்கு ஊட்டியது. லா ஹேரியா என்னும் அத்திராட்சை நிலம் இன்று பிரயாணிகள் வியந்து காணும் காட்சியாகியுள்ளது. அத்தீவில் பிறந்த ஓவியர் சேஸர் மன்ரிகே, உயர்ந்த மாடிக் கட்டடங்களும் விளம்பரப் பலகைகளும் தீவின் முகத்தைக் கெடுக்கலாகாது என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். தாழ்ந்த வெண்ணிற வீடுகளே பெரும்பாலும் அங்கே எழுந்தமைக்கு அவர் முயற்சி பெருங்காரணம். விருந்தினரை வரவேற்கும் ஊர், விருந்தினருக்காகத் தன்னை அழித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு லான்ஸரோட்டே ஓர் எடுத்துக்காட்டு.

உருகும் பனியும் உயரும் வாடகையும்

இவ்வளவும் நன்றே. ஆயின் இன்று இரு திசைகளிலிருந்தும் அபாயக் குறி தோன்றியுள்ளது.

உலகின் சராசரி வெப்பம் உயர்ந்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஆல்ப்ஸ் மலைப் பகுதி வெப்பமடைந்துள்ளது. வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், பனி நிலைத்து நிற்கும் எல்லை ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போய்விடும். தாழ்வான மலைகளிலுள்ள ஊர்களில் மழை பெய்கிறது. பனி பெய்வது குறைந்துவிட்டது. ஆகவே இயந்திரங்களைக் கொண்டு தண்ணீரைப் பீய்ச்சி உறையவைத்துச் செயற்கைப் பனி செய்கின்றனர். ஸ்விட்ஸர்லாந்தின் சறுக்குச் சரிவுகளில் ஏறக்குறையப் பாதியில் இம்முறை கையாளப்படுகிறது. ஒரு ஹெக்டேர் சரிவை ஓரடி கனத்துக்கு மூட 10 லட்சம் லிட்டர் அளவில் தண்ணீர் வேண்டும். ஒரு ஹெக்டேர் வயலில் நாலு அங்குலத்துக்கு நீர் நிறுத்துவதற்கு இது சமம். அதற்கான மின்சாரமும் சேர்ந்து சீட்டின் விலையில் ஏறுகிறது. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குச் சறுக்கு மறுபடியும் எட்டாக்கனி ஆகிவிடுமோ என்ற அச்சம் எழுந்துள்ளது. பிரான்ஸின் ஜுரா மலையிலுள்ள மெத்தாபியே என்னும் ஊர், இன்னும் சில ஆண்டுகளில் சறுக்குத் தொழிலை நிறுத்திவிட்டு வேறு வழியில் பிழைப்பது எப்படி என்று இப்போதே திட்டமிட்டு வருகிறது.

கடற்கரையின் துன்பம் வேறு வகையானது. 2024ஆம் ஆண்டில் கேனரித் தீவுகளுக்கு 1 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வந்தனர். அங்கே வாழும் மக்களோ 22 லட்சம் பேர். வீடுகள் பிரயாணிகளுக்கு வாடகைக்குப் போகவே, விடுதியில் படுக்கை விரிக்கும் ஊழியருக்குத் தன் சொந்த ஊரில் குடியிருக்க வீடு கிடைப்பது அரிதாயிற்று. குடிநீரிலும் பெரும்பகுதி கடல்நீரைக் காய்ச்சியோ வடித்தோ செய்யப்படுவது. 2024 ஏப்ரல் 20ஆம் நாள் தீவுகள் அனைத்திலும் மக்கள் திரளாகக் கூடி, தீவுக்கும் ஓர் எல்லை உண்டு என்று முழங்கினர். பிரயாணிகளே வேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கையன்று. அளவு வேண்டும், ஆதாயத்தில் தமக்கும் பங்கு வேண்டும் என்பதே கோரிக்கை.

மற்றொரு பக்கத்தையும் மறத்தலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023ஆம் ஆண்டில், 16 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 28 பேருக்கும் அதிகமானோர், வீட்டைவிட்டு ஆண்டுக்கு ஒரு வாரம் வெளியூர் செல்லும் செலவைத் தாங்க இயலாதவர்கள். செல்வம் கொழிக்கும் நாடுகளிலேயே நாலில் ஒரு பங்கினருக்கு மேல் இந்த ஓய்வு எட்டவில்லை. படுக்கை விரிப்பவர், தட்டுக் கழுவுபவர், இழுவைக் கம்பியருகே குளிரில் நிற்பவர் ஆகியோருள் பலர் இக்கணக்கில் அடங்குவர்.

மறுபடியும் கூட்டுறவு

இந்நெருக்கடியில் சில ஊர்கள் தேடிய பரிகாரம் நாம் அறிந்ததே. 2017ஆம் ஆண்டில், பிரெஞ்சு மொழி வழங்கும் மேற்கு ஸ்விட்ஸர்லாந்தில் 25 சறுக்கு நிலையங்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவு அமைத்தன. தனித்தனியே போட்டியிட்டு நலிந்த சிறு நிலையங்கள் அவை. எல்லா நிலையங்களுக்கும் செல்லும் ஒரே பருவச் சீட்டை, முன்கூட்டி வாங்குவோருக்கு 359 பிராங்க் விலையில் விற்றன. பெரிய நிலையம் ஒன்றில் ஒரு வாரத்துக்கு ஆகும் செலவில் குளிர்காலம் முழுவதும் செல்ல வாய்ப்புக் கிட்டிற்று. பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நிலையங்களுக்குப் பருவத்தின் தொடக்கத்திலேயே பணம் வந்துவிடும். ஓரிடத்தில் பனி இல்லையென்றால் குடும்பம் வேறிடம் செல்லலாம். வரவை விதிப்படி பகிர்ந்துகொண்டனர். பின்னர் இக்கூட்டில் சேர்ந்த நிலையங்கள் எண்பதைக் கடந்தன. நட்டத்தையும் ஆதாயத்தையும் பலர் தோளில் பகிர்ந்து சுமத்தல் என்ற பழைய பாடமே இது.

அதைவிடப் பழைய பாடம் ஒன்றும் அம்மலைகளில் உண்டு. ஸ்விட்ஸர்லாந்தின் வலே மாநிலத்தில் டோர்பெல் என்னும் மலைக் கிராமம் இருக்கிறது. அதன் மக்கள் 1483ஆம் ஆண்டிலேயே ஒரு பத்திரம் எழுதி, மலை மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் பொதுவில் நிர்வகிக்கச் சங்கம் அமைத்தனர். 1517ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தனர். குளிர்காலத்தில் தன் கொட்டிலில் தீனி போட்டுக் காப்பாற்றக்கூடிய மாடுகள் எத்தனையோ, அத்தனையைத்தான் கோடையில் பொதுமேய்ச்சலுக்கு அனுப்பலாம். அதற்குமேல் ஒன்றும் அனுப்பலாகாது. பணம் உள்ளவன் வெளியூர் மாடுகளை வாங்கிவந்து பொதுப்புல்லை மேய்த்து ஆதாயம் அடையும் வழியை அந்த ஒரே விதி அடைத்தது. அம்மேய்ச்சல் நிலம் ஐந்து நூற்றாண்டாகப் பாழ்படவில்லை. பொதுச்சொத்தைப் பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்துக் காக்க முடியும் என்று ஆராய்ந்து காட்டிய எலினர் ஆஸ்ட்ரம் அம்மையார், இக்கிராமத்தையும் தம் நூலில் எடுத்துக்காட்டாகக் கொண்டார். 2009ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆல்ப்ஸ் மலையில் கோடையில் மாடு மேயும் புல்வெளிகள் பலவும் குளிர்காலத்தில் சறுக்குச் சரிவுகளாகின்றன. புல்லுக்கு எல்லை வகுத்தவர்கள் பனிக்கும் எல்லை வகுக்க இயலும். தீவின் மக்கள் கேட்பதும் அத்தகைய எல்லையையே. ஊர் தாங்கும் அளவு விருந்தினர். உழைப்பவருக்கும் அவ்விருந்தில் ஓரிடம். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் ஒரு தலைமுறையின் ஓய்வு அடுத்த தலைமுறைக்கும் எஞ்சும்.

நம் அங்கத்தினர்களில் பனிமலை காணப்போவோர் அருமையாக இருக்கலாம். அதனால் குறைவில்லை. ஆயினும் ஒரு தொழிலாளி வாரந்தோறும் ஒட்டிய சிறு முத்திரை, ஆண்டிறுதியில் அவன் மனைவி மக்களுக்கு ஒரு வாரச் சிரிப்பாக விளைந்தது என்னும் செய்தி, சிக்கன சேமிப்புக் கணக்கில் மாதந்தோறும் சில ரூபாய் செலுத்திவரும் எவருக்கும் எளிதில் விளங்கும். கூலியை உயர்த்தக் கூடுவதும், விளைபொருளுக்கு விலை பெறக் கூடுவதும் நம் சங்கங்களின் முதற்கடமைகள். அக்கடமைகளோடு, உழைக்கும் குடும்பம் ஆண்டில் சில நாளேனும் ஒன்றாக அமர்ந்து மகிழ்வதற்கு வழி காண்பதும் சங்கத்தின் வேலையே என்று அந்நாட்டார் கொண்டனர். நம் அங்கத்தினர்களும் தத்தம் சங்கக் கூட்டங்களில் இதனைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.